கரண்ட் பில்லைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

பில் எகிறிவிட்டது, வந்து பாருங்கள் என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் போய் நிற்பது மீட்டர் பெட்டிக்கு முன்னால்தான். வீட்டு வயரிங் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். கரண்ட் எங்கே போகிறது என்று வீட்டில் உள்ளவர்கள் நினைப்பதும் மீட்டர் காட்டுவதும் ஒத்துப்போன வீடுகளை நான் அதிகம் பார்த்ததில்லை. பையனின் கம்ப்யூட்டர், ராத்திரி எரியும் வராந்தா விளக்கு, செருகியே கிடக்கும் கைபேசி சார்ஜர் என்று மூன்று பேர்மேல்தான் பழி விழும். உண்மையான காரணம் பெரும்பாலும் வேறு எங்கோ, யார் கண்ணிலும் படாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் எதை அணைப்பது என்று யோசிப்பதற்கு முன், எது ஓடுகிறது என்று கண்டுபிடித்துவிடுங்கள். ஒரு மாலை நேரமும், செகண்டு காட்டும் கடிகாரமும், தாளும் பேனாவும் போதும்.

தேவையான கணக்கும் சின்னதுதான். 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 100 வாட் சாதனம் பத்து மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட். வாட்டை மணி நேரத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட் வந்துவிடும். எல்லோரும் வாட்டைப் பார்க்கிறார்கள், மணி நேரத்தைப் பார்ப்பதில்லை. அயர்ன் பாக்ஸில் 2000 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் பயம் வரும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் துணி தேய்த்தால், வருடம் முழுக்கச் சேர்த்தாலும் அது 104 யூனிட்டைத் தாண்டாது. சூடு ஏறியதும் தெர்மோஸ்டாட் அவ்வப்போது நிறுத்திவிடுவதால் உண்மையில் இன்னும் குறைவாகவே வரும். டிவிக்குக் கீழே 12 வாட்டில் ஒரு சின்னப் பெட்டி கிடக்கும். அதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இரவும் பகலும் நிற்காமல் ஓடினால் அது வருடத்துக்கு 105 யூனிட்.

ராத்திரிச் சோதனை

எல்லோரும் படுக்கப் போகும் நேரத்தில் இதைச் செய்யுங்கள். வழக்கமாக எதை எப்படி அணைப்பீர்களோ அப்படியே அணையுங்கள். டிவியை ரிமோட்டில் அணைக்கும் பழக்கம் என்றால் இன்றைக்கும் ரிமோட்டில்தான் அணைக்க வேண்டும், சோதனை என்பதற்காகச் சுவிட்சுக்குப் போகக் கூடாது. ஃபேனையும் ஏசியையும் கொஞ்ச நேரம் நிறுத்தி வையுங்கள். ஃபிரிட்ஜையும் சோதனை முடியும்வரை சில நிமிடங்கள் அணைத்து வைக்கலாம். நடுவில் கம்ப்ரசர் ஓடத் தொடங்கினால் கணக்கு குழம்பிவிடும்.

இப்போது மீட்டருக்கு வாருங்கள். எலக்ட்ரானிக் மீட்டரில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்திலோ மீட்டரின் முகப்பிலோ 3200, 1600 என்பது போல ஓர் எண் அச்சிட்டிருக்கும். அத்தனை முறை மினுக்கினால் ஒரு யூனிட் ஓடிவிட்டது என்று அர்த்தம். ஒரு மினுக்கலுக்கும் அடுத்த மினுக்கலுக்கும் எத்தனை செகண்டு இடைவெளி என்று பாருங்கள். 36,00,000ஐ அந்த அச்சிட்ட எண்ணால் வகுத்து, வந்ததைச் செகண்டால் வகுத்தால், அந்த நொடியில் வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். 3200 போட்ட மீட்டரென்றால் 1125ஐச் செகண்டால் வகுக்க வேண்டும், 1600 என்றால் 2250ஐ. 3200 மீட்டரில் பத்து செகண்டுக்கு ஒருமுறை மினுக்கினால் 112 வாட் ஓடுகிறது. இடைவெளி சீராக இல்லையென்றால் பத்து இடைவெளிக்குச் சேர்த்து நேரம் பார்த்துச் சராசரி எடுங்கள். பழைய மீட்டரில் மினுக்கலுக்குப் பதில் தட்டு சுற்றும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சுற்று என்பது அதிலும் எழுதியிருக்கும், கணக்கு இதேதான்.

எல்லாம் அணைத்ததாக நினைக்கும் வீட்டில் 15, 20 வாட் ஓடினால் நான் அதை நல்ல வீடு என்பேன். 50 வாட் என்றால் தேடிப் பார்க்க வேண்டும். 100 வாட் என்றால் அன்றைக்கே தேட வேண்டும். நாள் முழுக்க ஓடும் 100 வாட், வருடத்துக்கு 876 யூனிட். நீங்கள் தூங்கும்போதும், ஊரில் இல்லாதபோதும் சேர்ந்துகொண்டே போகும் யூனிட் அது. அதைப் பிடித்துவிட்டால் யாரும் எந்த வசதியையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

தேடுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மீட்டரிடம் நிற்க, இன்னொருவர் உள்ளே ஒவ்வொரு பிளக் பாயிண்டின் சுவிட்சாக அணைத்துக்கொண்டே குரல் கொடுக்கட்டும். எந்தச் சுவிட்சுக்கு மினுக்கல் சட்டென்று மெதுவாகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாச் சுவிட்சையும் அணைத்த பிறகும் மினுக்குகிறதா? அப்போது எம்சிபிகளை, அதாவது வீட்டின் ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியாக இருக்கும் பாதுகாப்புச் சுவிட்சுகளை, ஒவ்வொன்றாக இறக்குங்கள். ஒரு வீட்டில் இப்படித்தான் கம்ப்யூட்டரால்தான் பில் ஏறுகிறது என்று பையனுக்கும் அப்பாவுக்கும் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. சுவிட்ச் எல்லாம் அணைந்திருக்க, மீட்டர் மட்டும் விடாமல் மினுக்கியது. தண்ணீர் மோட்டாரின் எம்சிபியை இறக்கியதும் நின்றுவிட்டது. மோட்டாருக்குப் போகும் கேபிளின் ஜாயிண்ட் ஒன்று மண்ணுக்குள் இருந்தது. மேலே சுற்றிய டேப் நைந்து, ஈரம் ஏறி, இரவும் பகலும் கரண்ட் தரைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இப்படிக் கசிந்தால் தானே விழுந்து, லைனைத் துண்டித்துக் காப்பாற்ற வேண்டியது ஆர்சிசிபி என்ற சுவிட்ச். அந்த வீட்டில் அது அடிக்கடி விழுகிறதே என்று யாரோ அதைத் தாண்டி நேராக லைன் கொடுத்து வைத்திருந்தார்கள். பில்லை விடுங்கள், ஈரத் தரையில் வெறுங்காலோடு ஒரு குழந்தை நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தால் அது உங்களிடம் ஏதோ சொல்கிறது என்று அர்த்தம், அதன் வாயை அடைக்காதீர்கள். அதிலேயே டெஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை அழுத்திப் பார்த்து, உடனே விழுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

மெயின் சுவிட்சையே இறக்கிய பிறகும் மீட்டர் ஓடினால் கோளாறு மீட்டரிலோ அதற்கும் மெயினுக்கும் நடுவிலோ இருக்கிறது. அதில் நீங்களோ நானோ கை வைக்கக் கூடாது. மின்சாரம் வழங்குபவரிடம் எழுத்தில் புகார் கொடுத்து அவர்கள் ஆளை வரவழையுங்கள்.

ரிமோட்டில் அணைத்தது அணைந்ததா?

ரிமோட்டுக்குக் காத்திருக்கும் எந்தச் சாதனமும் கொஞ்சம் கரண்டை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். 1990களில் இந்த ஸ்டாண்ட்பை இழுவை பெரிய விஷயமாக இருந்தது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன் மையர் போன்றவர்கள் அதை அளந்து காட்டிப் பேசினார்கள். 1999இல் சர்வதேச எரிசக்தி முகமை, ஸ்டாண்ட்பையில் எந்தச் சாதனமும் ஒரு வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்ற இலக்கை முன்வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் ஒரு வாட் என்று விதி போட்டு, 2013இல் அதை அரை வாட்டாக இறக்கியது. அதன் பலன் இன்றைய சாதனங்களில் தெரிகிறது. ஸ்டாண்ட்பையில் அரை வாட் இழுக்கும் புது டிவி, வருடம் முழுக்க அப்படியே இருந்தாலும் நாலரை யூனிட்டைத் தொடாது. அதற்காகத் தினமும் சோபாவை நகர்த்திப் பிளக்கைப் பிடுங்க வேண்டியதில்லை.

கைபேசி சார்ஜரும் அப்படித்தான். சும்மா செருகிக் கிடக்கும் இன்றைய சார்ஜர் இழுப்பது மிகவும் சொற்பம். சந்தேகமிருந்தால் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். எந்த அடாப்டர் வேலை இல்லாமலே வெதுவெதுப்பாக இருக்கிறதோ, அது கரண்டைச் சூடாக்கி வீணடிக்கிறது. கனமான, கட்டிபோல இருக்கும் பழைய அடாப்டர்கள்தான் இதில் பெரும்பாலும் மாட்டும். அவற்றை அணையுங்கள், குளிர்ந்திருப்பதை விட்டுவிடுங்கள்.

நான் ராத்திரிச் சோதனையில் திரும்பத் திரும்பப் பிடிப்பவை இவை: செட்டாப் பாக்ஸ் (ரிமோட்டில் அணைத்தால் பலவற்றில் விளக்கின் நிறம் மட்டும்தான் மாறும், இழுவை அப்படியே இருக்கும்), பழைய ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும், உடனே எழுந்துகொள்ளும் வசதியை ஆன் செய்து வைத்த கேம் கன்சோல், ஸ்டெபிலைசர், பேட்டரி கிழடாகி எப்போதும் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும் இன்வெர்ட்டர், ரூட்டர். டிவியின் செட்டிங்கில் சீக்கிரம் ஆன் ஆவதற்கென்று ஒரு வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். அது ஆனில் இருந்தால் மேலே சொன்ன அரை வாட் கணக்கு பொருந்தாது. 8 வாட் ரூட்டர் வருடத்துக்கு 70 யூனிட் இழுக்கும். ராத்திரி அதை நம்பி எதுவும் இல்லையென்றால் அணைத்துவிட்டுப் படுக்கலாம்.

இவற்றுக்கு நான் செய்து கொடுக்கும் ஏற்பாடு எளிது. டிவியைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் சுவிட்ச் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சேர்த்து, அந்தப் பாக்ஸை நின்றபடியே கை எட்டும் உயரத்தில் மாட்டிவிடுவேன். குனிந்து தேட வேண்டிய சுவிட்சை இரண்டாவது வாரத்திலிருந்து யாரும் தொடமாட்டார்கள். அதே பாக்ஸில் அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் போன்றவற்றைச் செருகக் கூடாது, வயர் தாங்காது.

சுவிட்சில் நேராக அணைக்கக் கூடாதவையும் உண்டு. இங்க்ஜெட் பிரிண்டரை அதன் பட்டனில் அணைத்து, ஹெட் மூடிய இடத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் சுவிட்சை அணைக்க வேண்டும், இல்லையென்றால் மை காய்ந்துவிடும். விளக்கு உள்ள புரொஜெக்டரை அதன் ஃபேன் நின்ற பிறகே அணைக்க வேண்டும். ஓஎல்இடி டிவி பார்த்து முடித்த பிறகு ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான் தன் திரையைச் சரிசெய்துகொள்ளும், அதற்கு இடம் கொடுங்கள். மூச்சு விட உதவும் இயந்திரம் மாதிரி மருத்துவர் சொல்லி வைத்திருக்கும் எதுவும் இந்தக் கணக்குக்குள்ளேயே வராது.

சூடாக்குவதுதான் பெரிய செலவு

ஒரு வீட்டில் பாட்டியம்மா ஒருவர் சாயங்காலம் இருட்டில் உட்கார்ந்திருந்தார். "பில் ஏறுதுன்னு பசங்க திட்டுறாங்க தம்பி, அதான் லைட்டு போடறதில்லை" என்றார். அவர் அணைத்து வைத்திருந்தது 9 வாட் எல்இடி. மாடிக் குளியலறையில் கீசர் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் எனக்கு வந்த கோபமும் வருத்தமும் இன்னும் போகவில்லை. வயதானவர்கள் வெளிச்சத்தைத்தான் முதலில் தியாகம் செய்கிறார்கள், தடுக்கி விழவும் செய்கிறார்கள். தயவுசெய்து அவர்களை இருட்டில் உட்கார வைக்காதீர்கள். அந்த 9 வாட் விளக்கு ஒரு யூனிட்டைத் தொட நூறு மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டும்.

தண்ணீரின் கணக்கு வேறு. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 வாட் மணி வேண்டும் (ஆயிரம் வாட் மணி சேர்ந்தால் ஒரு யூனிட்). ஹீட்டர் சுருள் உள்ள கீசர் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் இதற்குக் குறைவாகக் கொடுத்து அந்தத் தண்ணீரைச் சூடாக்க முடியாது. 25 டிகிரியில் வரும் தண்ணீரை 40 டிகிரிக்கு ஏற்றி, 20 லிட்டர் வாளியில் குளித்தால் 0.35 யூனிட். அதே சூட்டில், நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டும் ஷவரின் கீழ் பத்து நிமிடம் நின்றால் 80 லிட்டர், 1.4 யூனிட். நான்கு பேர் தினமும் குளிக்கும் வீட்டில் இந்த வித்தியாசம் மாதத்துக்கு 126 யூனிட் வரும். ஷவரை விடமுடியாது என்றால், குறைவாகத் தண்ணீர் கொட்டும் ஷவர் முகப்பை மாட்டுங்கள், சோப்புப் போடும்போது குழாயை மூடுங்கள். இரண்டும் சேர்ந்தாலே பாதியாகிவிடும்.

அடுத்தது, டேங்க் உள்ள கீசரை நாள் முழுக்க ஆனில் வைப்பது. அணைத்து அணைத்துப் போட்டால் மறுபடி முதலிலிருந்து சூடாக்க வேண்டும், அதற்கு அதிகம் ஆகும், அதனால் ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்று பல வீடுகளில் உறுதியாகச் சொல்வார்கள். அது சரியில்லை. டேங்கிலிருந்து சூடு வெளியேறும் வேகம், உள்ளே இருக்கும் சூட்டுக்கும் வெளியே இருக்கும் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. எப்போதும் 60 டிகிரியில் வைத்திருந்தால் எப்போதும் அதிக வேகத்திலேயே சூடு போகும். அணைத்துவிட்டால் ஆற ஆற இழப்பும் குறைந்துகொண்டே வரும். மறுபடி சூடாக்கும்போது, இடையில் எவ்வளவு இழந்ததோ அவ்வளவைத்தான் திருப்பித் தருகிறீர்கள், அது குறைவாகவே இருக்கும். குளிப்பதற்கு முன் போட்டு, வேலை முடிந்ததும் அணைப்பதே லாபம். மறந்துபோகும் வீட்டில் டைமர் வைத்துவிடுங்கள். இன்னொன்று, கீசர் சுவிட்சைக் குளியலறைக்கு வெளியே, கதவின் பக்கத்தில், சிவப்பு இண்டிகேட்டர் விளக்கோடு கண் உயரத்தில் வைக்கச் சொல்லி எல்லா வீட்டிலும் கேட்டுக்கொள்வேன். கடந்து போகிறவர் யாராவது ஒருவர் அந்தச் சிவப்பைப் பார்த்து அணைத்துவிடுவார்.

தெர்மோஸ்டாட்டைக் குறைக்கலாமா என்று கேட்டால், டேங்கைப் பொறுத்துச் சொல்வேன். வெந்நீரை நாள்கணக்கில் சேமித்து வைக்கும் பெரிய டேங்கை 60 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். வெதுவெதுப்பாகத் தேங்கிக் கிடக்கும் நீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும், அதனால் வரும் நுரையீரல் காய்ச்சல் ஆபத்தானது.

கீசரைத் திறந்தால் ஹீட்டர் சுருளின் மேல் வெள்ளையாக உப்பு கெட்டியாகப் படிந்திருக்கும். விரல் நகத்தால் கீறினாலும் வராது. இதைச் சுத்தம் செய்தால் பில் பாதியாகும் என்று சிலர் காசு வாங்குகிறார்கள். தண்ணீருக்குள் மூழ்கிய சுருளின் சூடு எப்படியும் தண்ணீருக்குத்தான் போகும், பில்லில் பெரிய மாற்றம் தெரியாது. சுருள் அளவுக்கு மேல் சூடாகி எரிந்துபோகாமல் இருக்கத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

துணி துவைக்கும் இயந்திரத்திலும் செலவு தண்ணீரைச் சூடாக்குவதில்தான், சுற்றுவதில் இல்லை. சாதாரண அழுக்குக்குக் குளிர்ந்த தண்ணீரே போதும். இயந்திரம் நிறையும்வரை துணியைச் சேர்த்துவைத்துத் துவையுங்கள், வெயிலோ காற்றோ கிடைக்கும் இடத்தில் காயப்போடுங்கள். எலக்ட்ரிக் கெட்டிலில் இரண்டு கோப்பை வேண்டுமானால் இரண்டு கோப்பைத் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். துணியை ஒரே தடவையாகத் தேய்த்து, கடைசி இரண்டு மெல்லிய துணிக்கு முன்பே அயர்ன் பாக்ஸை அணைத்தால் மிச்சச் சூட்டிலேயே வேலை முடியும்.

குளிர் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. செருகிப் போடும் ரூம் ஹீட்டர் எந்த வகையாக இருந்தாலும், விலை என்னவாக இருந்தாலும், ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் சூடுதான் தரும். அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். வெளியிலிருந்து சூட்டை உள்ளே இழுத்துக்கொண்டு வரும் ஹீட் பம்ப் மட்டும்தான், சூடாக்கும் வசதியுள்ள ஏசியும் அதில் சேர்த்தி, ஒரு யூனிட்டுக்கு இரண்டு மூன்று மடங்கு சூடு கொடுக்கும்.

குளிர வைப்பது

ஃபிரிட்ஜைச் சிலர் ராத்திரியில் அணைத்து வைக்கிறார்கள். வேண்டாம். சேமிப்பு சொற்பம், உள்ளே இருப்பது கெட்டுப்போனால் வயிறு பாடுபடும். அதற்குப் பதிலாகக் கதவைச் சோதியுங்கள். ஒரு தாளைக் கதவு ரப்பருக்கு நடுவில் வைத்து மூடி, மெதுவாக இழுங்கள். பிடித்து இழுக்க வேண்டியிருந்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. நான்கு பக்கமும் பாருங்கள், கீழ்ப்பக்கம்தான் அதிகம் கெடும். அழுக்கு சேர்ந்திருந்தால் சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே சில சமயம் பிடித்துக்கொள்ளும். உள்ளே 4 டிகிரி, ஃபிரீசரில் மைனஸ் 18 போதும். பனி அரை சென்டிமீட்டருக்கு மேல் கட்டினால் கரைத்துவிடுங்கள், கத்தியால் குத்தாதீர்கள். பின்பக்கம் சுவரோடு ஒட்டாமல் காற்றுக்கு இடம் விடுங்கள். புது ஃபிரிட்ஜ் வந்த பிறகும் பழையதைத் தண்ணீர் வைக்க என்று மூலையில் ஓட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் நிறைய. அதைத்தான் முதலில் அணைக்க வேண்டும்.

ஏசியை 16க்கு இறக்கினால் சீக்கிரம் குளிரும் என்று நினைத்து இறக்குகிறார்கள். சாதாரண ஏசியில் கம்ப்ரசர் ஓடும் அல்லது நிற்கும், இரண்டே நிலைதான். 24 வைத்தாலும் 16 வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிரும். 16 வைத்தால் கம்ப்ரசர் நிற்கவே நிற்காது என்பதுதான் வித்தியாசம். 26 வைத்து, கூடவே ஃபேனை மெதுவாகப் போட்டுப் பாருங்கள். முகத்தில் காற்றுப் பட்டாலே உடம்புக்கு இரண்டு மூன்று டிகிரி குறைந்த மாதிரி இருக்கும். ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் கழுவ ஐந்து நிமிடம்தான் ஆகும், புழுதி அதிகமுள்ள காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்யுங்கள். வெயில் நேராக விழும் ஜன்னலுக்கு வெளிப்பக்கத்தில் மறைப்புக் கட்டினால், உள்ளே திரை போடுவதைவிட நல்ல பலன் உண்டு. சூடு கண்ணாடியைத் தாண்டுவதற்கு முன்பே நின்றுவிடும்.

ஃபேன் அறையைக் குளிர வைப்பதில்லை, ஆளைத்தான் குளிர வைக்கிறது. ஆள் இல்லாத அறையில் ஓடும் ஃபேன் முழுக்க வீண். பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி என்ற புதுவகை மோட்டார் உள்ள ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் இடத்தில் மாற்றினால் வருடத்துக்கு 200 யூனிட்டை நெருங்கி மிச்சமாகும். எப்போதாவது ஓடும் அறைக்கு மாற்ற வேண்டியதில்லை. பெரிய கட்டையான பழைய ரெகுலேட்டர் இருந்தால் அதை எலக்ட்ரானிக் ரெகுலேட்டராக மாற்றுங்கள். பழையது வேகத்தைக் குறைக்கும்போது மிச்சக் கரண்டைச் சூடாக்கி விடுகிறது, தொட்டாலே தெரியும்.

மோட்டார், விளக்கு, அப்புறம் பில்லைக் குறைக்கும் என்று விற்கும் பெட்டி

மேல் டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும் வீடென்றால், டேங்கில் ஃப்ளோட் சுவிட்ச் போட்டுவிடுங்கள், நிரம்பியதும் தானே நின்றுவிடும். கழிவறை ஃப்ளஷ் டேங்கில் சத்தமில்லாமல் ஒழுகுவதும் மோட்டார் செலவுதான். டேங்கில் கொஞ்சம் கலர் பொடி கரைத்து, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விட்டுப் பாருங்கள். கீழே நிறம் இறங்கினால் வாஷர் போய்விட்டது.

விளக்குகளை எல்இடியாக மாற்றிய வீட்டில் அந்தப் பக்கம் அதிகம் தேட வேண்டியதில்லை. இன்னும் குண்டு பல்போ, சோக் வைத்த டியூப் லைட்டோ இருந்தால், அதிக நேரம் எரியும் இடத்திலிருந்து மாற்றத் தொடங்குங்கள்.

பிளக்கில் செருகினால் பில் குறையும் என்று விற்கும் சின்னப் பெட்டிகளை வாங்காதீர்கள். உள்ளே ஒரு கெப்பாசிட்டரும் ஒரு விளக்கும்தான் இருக்கும். அது பவர் ஃபேக்டரை (இழுக்கும் கரண்டில் எவ்வளவு உண்மையில் வேலைக்குப் போகிறது என்ற விகிதத்தை) திருத்தும் என்பது உண்மையாகவே இருந்தாலும், வீட்டு மீட்டர் கணக்குப் போடுவது கிலோவாட் மணியை, அதாவது யூனிட்டை, அதில் இந்தத் திருத்தத்தால் எதுவும் குறையாது. விற்பவர் வயரைக் கவ்வி ஆம்பியரை அளக்கும் டாங் டெஸ்டரை மாட்டி ஆம்பியர் இறங்குவதைக் காட்டுவார். ஆம்பியர் இறங்கும், யூனிட் இறங்காது. அவரிடம் சண்டை போட வேண்டியதில்லை. மேலே சொன்னபடி மீட்டர் மினுக்கலை, பெட்டியைச் செருகி ஒருமுறையும் பிடுங்கி ஒருமுறையும் எண்ணிப் பார்த்தால் போதும்.

மினுக்கலை வைத்துக் கணக்கிட முடியாத சாதனங்களும் உண்டு. ஃபிரிட்ஜ், துவைக்கும் இயந்திரம் போன்றவை ஏறி இறங்கி ஓடும், லேபிளில் இருக்கும் வாட் அவற்றின் உச்ச அளவு மட்டுமே. அவற்றுக்கு, பிளக்குக்கும் போர்டுக்கும் நடுவில் செருகும் வாட் மீட்டர் கிடைக்கிறது. ஃபிரிட்ஜில் ஒரு முழு நாள், துவைக்கும் இயந்திரத்தில் ஒரு முழுத் துவையல் என்று விட்டு அளங்கள். ஒன்றை வாங்கி, அக்கம்பக்கத்து வீடுகளோடு மாற்றி மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

எவ்வளவு குறைந்தது என்று பார்க்கும்போது பணத்தைப் பார்க்காதீர்கள், கட்டண விகிதம் மாறிக்கொண்டிருக்கும். யூனிட்டைப் பாருங்கள். போன மாதத்தோடு ஒப்பிடாமல், போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள், வெயிலும் குளிரும் கணக்கைத் திருப்பிப் போட்டுவிடும். ரீடிங் எடுக்க ஆள் சில நாள் முன்பின் வருவதும் உண்டு. அதனால் பில்லில் உள்ள மொத்த யூனிட்டை, இரண்டு ரீடிங் தேதிக்கும் இடையே உள்ள நாட்களால் வகுத்து, ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் என்று எழுதி வையுங்கள்.